கல் பெட்டியும் இடித்த அடுப்பும்

பகல் வெயிலைக் கருங்கல்லில் பிடித்துவைத்து இரவுச் சோறு ஆக்கலாம் என்று சயின்ஸ் வாத்தியார் ஏகாம்பரம் மொட்டை மாடியில் கண்ணாடி மூடி போட்ட பெட்டி ஒன்று செய்திருந்தார். மனைவி ருக்மணி அதில்தான் சமைக்க வேண்டும் என்று, நேற்று அவளுடைய மண் அடுப்பைக் கடப்பாரையால் இடித்துவிட்டார். இன்று அவர் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்று அவள் காலண்டர் தாளின் பின்புறத்தில் அவசரமாக எழுதினாள்.

"அம்மா வூட்டுக்குப் போறேன். சாவி பக்கத்து வூட்டு கோவிந்தம்மா கிட்ட கீது. அரிசி பானையில கீது, நீங்களே ஆக்கிக்குங்க.

நேத்து சோறு வேவலன்னு நாலு பேர் எதிர்ல என்ன மக்குன்னு சொன்னீங்க. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் மூடியத் தொறந்து தொறந்து காட்டினா கல்லுல இன்னா சூடு நிக்கும்? போன வாரம் நீங்க செங்கல்பட்டு போன அன்னிக்கு நான் மூடியத் தொடவே இல்ல. வெயில் தாழ்ந்ததும் சூடு வெளிய போவாம உமி மூட்டையத் தூக்கி மேல போட்டேன். ஏழு மணிக்குச் சோறு பொலபொலன்னு வெந்திருந்திச்சி. நீங்க கேக்கல, நானும் சொல்லல."

பெயர் எழுதாமல் மடித்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளைப் பிரித்து ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"கூப்பிட நீங்க வரவேணாம். அடுப்ப ஒங்க கையாலயே போட்டு, அது காஞ்சப்புறம் ஆள் அனுப்புங்க. அப்பவும் வர்றதா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."