அப்பாவின் கை சொன்ன ஓம்

கொட்டாஞ்சேனை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் றஷ்மிக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் குளிருக்குள் நீ சுகமாக இருக்க வேண்டுமென்று அந்தோனியாரை மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை மனம் வரவில்லை. போனில் கதைத்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து பேச்சும் போன பிறகு அப்பா வலது கையால் என் கையைப் பிடித்துப் பதில் சொல்கிறார் என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா. கஞ்சி வேண்டுமா என்று கேட்டு நான் அவருடைய விரல்களை நிமிர்த்தினால் உடனே என் கையைப் பற்றுவார், வேண்டும் என்பதற்கு அதுதான் ஓம். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாத மனுஷன் இப்போதுதான் சொல்கிறார் என்று பக்கத்து வீட்டு ஹபீலாவிடம் பெருமை வேறு பேசினேன். நேற்று கைப்பயிற்சி கொடுக்க வந்த நிம்றாவிடமும் அதைச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்காமல் அப்பாவின் மணிக்கட்டை மேலே வளைத்தாள், விரல்கள் வந்து அவளுடைய கையையும் அப்படியே பற்றின. "அன்ரி, இது அங்கிள் சொல்ற பதில் இல்ல" என்றாள். முன்கையில் மடக்குகிற தசைக்கும் நிமிர்த்துகிற தசைக்கும் முள்ளந்தண்டுக்குள் தொடுப்பு இருக்கிறதாம், ஒன்று இறுகினால் மற்றது தளர வேண்டுமாம். அப்பாவுக்கு அந்த ஒழுங்கு குழம்பிவிட்டதாம். மடக்குகிற தசையை இழுத்தால் செய்தி முள்ளந்தண்டு வரை போய் அங்கிருந்தே திரும்பி வந்து கையை மூடிவிடுமாம், மூளையைக் கேட்பதே இல்லையாம். தெறிவினை என்று பள்ளிக்கூடத்தில் நீயும் படித்திருப்பாய். அப்போதே உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன் பிள்ளை.

ஏனென்றால் போன கிழமை நெஞ்சில் சளி கட்டி, வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் அறிவித்துவிடுங்கள் என்று டொக்டர் சொன்ன அன்று நான் அப்பாவைக் கேட்டேன். றஷ்மியைக் கூப்பிடவா என்றபோது அவருடைய கையை என் கைக்குள் சும்மாதான் வைத்திருந்தேன், அது அசையவில்லை. பிள்ளை படிப்புச் சோதனையை எழுதி முடித்துவிட்டு வரட்டுமா என்றபோதோ விரல்களை நன்றாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பற்றினார். அதை நம்பித்தான் அப்பா உன்னை வரவேண்டாம் என்கிறார் என்று உனக்குச் சொன்னேன். இரவு பகலாக வேலையும் செய்து நீ படித்த படிப்பு வீணாகக் கூடாது என்ற ஆசை என்னுடையது. அந்த ஓமும் என்னுடையதுதான். அப்பா என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இன்று காலை கையைத் தொடாமல் உன் பெயரை மட்டும் சொன்னேன், கண்ணால் தண்ணீர் வழிந்தது. அதையும் என்னவென்று நம்புவது, யாரிடம் கேட்பது.

அப்பா மூச்சு இழுக்கும் சத்தம் குசினியில் அடுப்படி வரை கேட்கிறது. சோதனை அடுத்த வருஷமும் வரும், வா பிள்ளை. பாஸ்போட்டைக் கைப்பைக்குள் வை, வழியில் சாப்பிடாமல் இருக்காதே. மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அப்பா உன்னை வரவேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

உன் அம்மா
பிலோமினா