காலடி பார்த்து நட்ட வளவு

மாமி,

பெருவெள்ளம் வந்து கல்முனைத் தெருவெல்லாம் தோணி ஓடியதே, அதற்கு அடுத்த வருஷம்தான் நான் யானை இறங்குகிற வயல் ஊரான இறக்காமத்திலிருந்து கடலோரச் சாய்ந்தமருதுக்கு உங்கள் மருமகனாக வந்தேன். ஆண்டின் எண் எனக்குத் தெரியாது. எழுத்தும் தெரியாது, நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். இன்று காலை முற்றத்தில் மருதோன்றி பூத்த வாசம் வந்தது. உங்களிடம் கதைக்க வேண்டும் போலிருந்தது.

நீங்கள் இருந்த காலத்தில் நாம் நேருக்கு நேர் கதைத்ததில்லை. மார்க்கம் அதற்குத் தடை வைக்கவில்லை. ஆனாலும் மருமகன் முன்னால் மாமி வந்து நிற்பது மரியாதை இல்லை என்று ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. நான் விறாந்தைக்கு வந்தால் நீங்கள் அடுப்படிக் குசினிக்குள் போய்விடுவீர்கள். உங்கள் முக்காட்டின் ஓரத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வெள்ளம் உங்கள் வளவில் ஒரு மாதுளையையும் கிணற்றையும் விட்டு மற்றதையெல்லாம் வழித்துக்கொண்டு போயிருந்தது. வெறும் மணல். சுற்றிவர ஆள் உயரத்துக்கு மேலே தென்னோலை பின்னிய புதுக் கிடுகு வேலி. நானோ வயல்வெளியில் வளர்ந்தவன். நாலு பக்கமும் கண் ஓடாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். வீட்டுக்குள்ளே பெண்கள், வளவுக்குள்ளே இருக்க இடமில்லை. அதனால் பின்னேரங்களில் வேலி வாசலுக்கு வெளியே தெருவோரம் போய்க் குந்திக்கொண்டிருப்பேன்.

அதுவும் பகிடியாகிப் போனது. மீன் கூடையோடு போன ஒருவர் கேட்டார்: "என்ன மாப்பிள, மாமி ஊட்டுக்குக் காவலா?"

கூட வந்தவர் விடவில்லை. "இறக்காமத்து ஆள்தானே. ஆன வருமெண்டு பாத்துக்கிட்டு இரிக்கார்."

நானும் சிரித்தேன். ஆனால் மனம் வாப்பாவின் வீட்டுக்குப் போய்விட்டது. பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனால் அந்தக் கலியாணம் முடிந்த மாதிரித்தான். அது தெரிந்தும் போகத்தான் நினைத்தேன்.

அந்த நாட்களில்தான் நீங்கள் செடி நடத் தொடங்கினீர்கள். ஒரு காலையில் நான் கிணற்றடிக்குப் போகும் வழியோரமாக மருதோன்றித் தடிகள் வரிசையாக நின்றன. நாலு நாள் கழித்து மாதுளைப் பக்கம், நான் போய் நிற்கிற இடத்தை ஒட்டி, மல்லிகைக்குக் கம்பு ஊன்றியிருந்தது. நான் எங்கே நடக்கிறேனோ அங்கேயெல்லாம் ஒன்றை நட்டு மறிக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொண்டேன். வாயால் சொல்ல முடியாத மாமி செடியால் சொல்கிறா, "போ" என்று.

துணியைக் கட்டினேன். உங்கள் மகள் கதவை மறித்தாள்.

"என்னத்துக்குப் போறீங்க?"

"உங்கட உம்மாக்கு நான் நடக்கிறது புடிக்கல்ல. போற வழியெல்லாம் வேலி வைக்கிறா."

குசினிக் கிடுகுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. என்னிடம் இல்லை, மகளிடம்.

"புள்ள, மருமகன்ட்டச் சொல்லு. காலையில முத்தம் கூட்டுறது நான். கூட்டுறதுக்கு முதல் அவர்ர அடியப் பாக்கிறநான். கிணத்துக்குப் போகக்குள்ள பாதி வழியில ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார். அடுத்தூட்டுச் சனம் வேலிக் கண்ணால பாக்குதெண்டு கூச்சம். அதுக்குத்தான் மருதோண்டி."

"மாதாளையடியில என்னத்துக்கு மல்லிகையாம், கேளு," என்றேன் நானும் உங்கள் மகளிடம்.

"அதில நாலஞ்சு தரம் வந்து நிண்டு நிண்டு திரும்பியிரிக்கார். காத்து வாற இடம் அதுதான். இரிக்க ஒண்டுமில்லாமத் திரும்புறார். வெள்ளம் கொண்டுவந்த மரக்குத்தி பின்னால கிடக்கு, உருட்டி வைக்க ஆள் வரச் சொல்லியிரிக்கன். மல்லிகை படந்தா முதுகுக்கு மறைவு. அவர் என்னத்துக்கு இப்ப துணியக் கட்டுறாராம்?"

உங்கள் மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் துணி மூட்டையை அவிழ்த்தேன். மரக்குத்தியை உருட்டி வைக்க வேறு ஆள் வேண்டியிருக்கவில்லை.

பிறகு மேற்குப் பக்கம், வீடு இல்லாத பக்கமாகப் பார்த்து, வேலியில் மேல்வரிசைக் கிடுகைக் கழற்றச் சொன்னீர்கள். குத்தியில் இருந்தால் தெருவில் போகிறவனுக்கு என்னைத் தெரியாது. எனக்கு வயல் பக்கத்து வானம் முழுக்கத் தெரியும். "வேலி ஆள மறைக்கட்டும். வானத்த என்னத்துக்கு மறைக்கணும்?" என்றீர்கள், அதுவும் மகளிடம்தான்.

அதற்குப் பின் நான் பெரிய தோட்டங்கள் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போன இடங்களில், துரைமார் இருந்த பங்களாக்களில், வெட்டி நேராக்கின புல்லும் வரிசைப் பூவும். அழகுதான். எங்கே இருப்பது என்றுதான் விளங்காது. உங்கள் மருதோன்றி வழி ஒரு ஆள் அகலம். நடந்தால் தோளில் இலை படும், கால் தன்னால் மெதுவாகும். சம்பந்தி வீட்டில் தண்ணீர்கூட நின்றபடி குடிக்கிற என் வாப்பா, ஒருநாள் அந்தக் குத்தியில் இருந்து பின்னேரத்து அசர் பாங்கு சொல்லும் வரை எழும்பவில்லை. ஒருவரை முகம் பாராமல், ஒரு வார்த்தை கேளாமல், மணலில் பதிந்த காலடியை வைத்தே அவருக்கு என்ன குறை என்று அறிந்தவர் உங்களைத் தவிர எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

கடல் ஊருக்குள் வந்த அன்று அந்த வளவு போனது. நீங்கள் அதற்கு முன்பே போய்விட்டீர்கள். இப்போது உள்ளே தள்ளி ஒரு துண்டு நிலத்தில் இருக்கிறோம். மகன் முற்றத்துக்குச் சீமெந்து போட நின்றான். "ஒரு மாசம் எல்லாரும் நடக்கட்டும், மறுகா பாப்பம்," என்று மறித்தேன். தினமும் விடியக் கம்பை ஊன்றிக்கொண்டு போய் மணலைப் பார்த்தேன். பிள்ளைகளின் அடி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு அடி மட்டும், ஒரு காலை இழுத்தபடி, குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே மூன்று இடத்தில் நின்று நின்று போயிருந்தது. அந்த மூன்று இடத்திலும் நிழலுக்கு ஒரு செடியும் இருக்க ஒரு பலகையும் வைத்திருக்கிறேன்.

உங்கள் வளவில் அன்று நடந்தவர்களில் என்னைத் தவிர இன்றைக்கு மிஞ்சி இருப்பவள் அவள் ஒருத்திதான் மாமி, உங்கள் மகள் ஆசியா உம்மா.