உங்கள் பிள்ளை லீலா பின்தங்கியுள்ளார்

மண்ணூர்,
பிப்ரவரி 27

அன்பு மகன் பிரசன்னாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் தென்றலும் அவள் வயிற்றில் இருக்கும் பேரனோ பேத்தியோ எல்லோரும் சுகமாக இருக்கக் குன்றத்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். தினமும் வீடியோ காலில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீடியோ காலில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது வார்த்தை சொல்கிறாய், பத்தாவதுக்கு நெட் போய்விடுகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். என்னோடு வேலை செய்யும் மெர்சியின் மகள் நாலாம் தேதி உன் ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறாள், அவள் கையில் வடகமும் சுக்குப்பொடியும் தென்றல் கேட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் இந்தக் கடிதமும் வருகின்றன. வடகத்தைப் பார்த்ததும் கடிதத்தை ஓரமாகப் போட்டுவிடாதே. அப்பாவுக்குக் கம்பெனி வேன் ஓட்டி ஓட்டி இடுப்புவலி அப்படியே இருக்கிறது, ஒரகடம் ரோடும் அப்படியே இருக்கிறது, இரண்டுக்கும் யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

அம்மா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் நீ "ஏதோ ஃபேக்டரியில்" என்று சொல்வதாகக் கேள்விப்பட்டேன். மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். இரும்புச் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் வரிசையாகத் தொட்டிகளில் முக்கி எடுப்பார்கள். அந்தத் தொட்டித் தண்ணீரில் அமிலம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பவள் நான். கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் எடுத்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, மேலே நிற்கும் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், ரோஸ் நிறம் வந்ததும் நிறுத்தி அளவை எழுத வேண்டும். அளவு தப்பினால் பெயிண்ட் அப்பளமாக உரியும். பதினோரு வருடமாக என் அளவில் ஒரு லோடு திரும்பி வந்ததில்லை. போன ஜூலையில் ஆடிட்டுக்கு வந்த ஒரு பெரியவர் இந்தப் பெண்மணி என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார். பிளஸ் டூவில் வரலாறு குரூப் என்றேன். அவர் மேலே கீழே பார்த்த பார்வையில் நான் தொட்டிக்குள் அசோகர் போல மரம் நட்டுவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மார்ச் கடைசிக்குள் பிளஸ் டூ அளவில் கெமிஸ்ட்ரி படித்த சர்டிபிகேட் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பேக்கிங்குக்குப் போக வேண்டும் என்று ஆர்டர் வந்தது. சூப்பர்வைசர் அன்பு நல்ல பையன், "யக்கா, ஆன்லைன்ல பட்ச்சாலும் ஒத்துக்கிறாங்கோ, ஒரு சர்டிபிகேட்ட மட்டும் கொணாந்து குட்துடு, மீதிய நா பாத்துக்கிறேன்" என்றான்.

அப்படித்தான் அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரி கோர்ஸில் சேர்ந்தேன். டாக்டர் சீட்டுக்கு மோதும் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கான வகுப்பு அது, நடுவில் நாற்பத்தாறு வயதில் நான். சேரும்போது கார்டியன் நம்பர் இல்லாமல் ஃபாரம் நகரவே இல்லை, சரி படித்த பிள்ளையாயிற்றே என்று உன் நம்பரைப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக மோசமான விடை அதுதான். முதல் பரீட்சையில் நாற்பதுக்குப் பதினொன்று வாங்கினேன். "உங்கள் பிள்ளை லீலா பின்தங்கியுள்ளார், கூடுதல் கவனம் தேவை" என்று உனக்கு மெசேஜ் வந்ததாம். நீ என்ன கவனம் செலுத்தினாய்? கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை ஆறு சேர்த்துக் குடும்ப குரூப்பில் போட்டாய். உன் சித்தப்பா பையன் "பெரியம்மாவை முட்டி போட வை" என்றான், அதற்கும் நீ ஒரு பொம்மை போட்டாய். உன் பிளஸ் டூ அரையாண்டு கெமிஸ்ட்ரி மார்க் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம், நான் அதை எந்த குரூப்பிலும் போடவில்லை. அப்போது குரூப் இல்லை என்பது வேறு விஷயம். சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதே, அன்றைக்கு எனக்கு வலித்தது.

மார்க் ஏன் குறைந்தது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பாதி மார்க் போன் திரையில் செய்யும் பரிசோதனைக்கு. ரப்பர் மூடி போல ஒரு படம், அதைத் தொட்டால் சொட்டு விழும். குடுவையைச் சுழற்ற முடியாது. கடைசி அரைச் சொட்டை நான் குடுவையின் ஓரத்தில் தொட்டு வாங்குவேன், போனில் அரைச் சொட்டே கிடையாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். வகுப்பு எடுக்கும் மேடத்துக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, "லீலா கண்ணா, பொறுமையா தொடுங்க" என்றது. அந்தக் கண்ணாவும் பொறுமையாகத் தொட்டுத் தொட்டு இப்போது நாற்பதுக்கு முப்பத்து மூன்றில் நிற்கிறாள். அந்த மெசேஜும் உனக்கு வந்திருக்குமே, அதை மட்டும் ஏன் குரூப்பில் காணோம்?

பொங்கல் லீவு முடிந்து போன அன்று ஒரு கூத்து நடந்தது. தொட்டி அளவு தாறுமாறாக ஏறிக் காட்டியது. பட்டம் வாங்கிப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மணிகண்டபிரபு அமிலம் ஏறிவிட்டது, தொட்டியில் தண்ணீர் விடு என்று குதித்தான். எனக்கு அதற்கு முந்தின வாரம் நடந்த பாடம் ஞாபகம் வந்தது. காரக் கரைசலைத் திறந்து வைத்தால் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் குடித்து வலு இழந்துவிடும். போய்ப் பார்த்தால் காரப் புட்டியின் மூடி நாலு நாளாகத் திறந்தே கிடந்திருக்கிறது. புதுக் கரைசல் போட்டுப் பார்த்தேன், அளவு சரியாக வந்தது. தண்ணீர் விட்டிருந்தால் அன்றைய லோடு முழுவதும் வீணாகியிருக்கும். மணிகண்டபிரபு "எப்டி ஆன்ட்டி கண்டுபுட்ச்சீங்க" என்றான். பதினோரு வருடமாக எப்போது நிறுத்த வேண்டும் என்று மட்டும் தெரிந்தவளுக்கு, ஏன் என்று தெரிந்தது அன்றைக்குத்தான். பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பரீட்சை மார்ச் பதினைந்து. அதற்குக் கார்டியன் சம்மதம் என்று உன் போனில் ஒரு பட்டன் வந்தது. அமுக்கு என்றேன், பார்க்கிறேன்மா என்றாய். பத்து நாள் பார்த்தாய். வானத்து நட்சத்திரத்தைக்கூட அத்தனை நாள் யாரும் பார்க்க மாட்டார்கள். பதினோராம் நாள் சம்மதத்துக்குப் பதில் மார்ச் ஒன்பதாம் தேதிக்கு விமான டிக்கெட் வந்தது. "அந்த ஆசிட்டு வேல இன்னாத்துக்குமா, இங்க வந்து பேரன தூக்கிக்கினு ராணி மாதிரி இரு" என்றாய். கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. நீ போனை வைத்ததாக நினைத்தாயே, அது கட் ஆகவில்லை. "அம்மா வந்துட்டா ரெண்டு வருஷத்துக்கு டேகேர் கவல இல்ல" என்று யாரிடமோ சொன்னதும் கேட்டது. குழந்தையைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, மூன்று வேளை சமைக்கும் ராணி எந்த ஊரிலடா இருக்கிறாள்? டிக்கெட்டை உன் அப்பாதான் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். "இன்னா லீலா, போறதுக்கு மட்டும்தான் கீது, திரும்பி வர்றதுக்கு காணோமே" என்றார். இருபது வருடமாக டிரிப் ஷீட் எழுதுகிறவர், அவர் கண்ணுக்குத் தப்புமா.

அன்றைக்கு ராத்திரியே அவர் கோர்ஸ் ஆபீசுக்குப் பேசி, கார்டியனை மாற்ற வேண்டும் என்றார். நேரில் முகம் காட்டணும் என்றார்கள். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு போன் முன்னால் உட்கார்ந்தார். மேடம் "நீங்க ஸ்டூடண்டோட அப்பாவா?" என்று கேட்டது. "இல்லமா, வூட்டுக்காரன்" என்றார். பாவம், அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. வீட்டில் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் பட்க்குது, சாம்பார்லதான் உப்பு இருக்கறதில்ல" என்று கோள் சொன்னார். சம்மதப் பட்டனை அமுக்கியதும் அவர் குரலே மாறிப்போனது, "பாஸாயிடும்ல மேடம்?" என்று கேட்டார். உனக்கு இன்டர்வியூ நடந்த அன்றுகூட அவர் அப்படி யாரையும் கேட்கவில்லை. எனக்குப் பயம் இல்லாமல் இல்லை பிரசன்னா. தவறிவிட்டால் பேக்கிங்தான், அங்கே எட்டு மணி நேரம் நின்றபடி அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும். ஆனாலும் எழுதித்தான் தவறுவேன்.

ஒன்பதாம் தேதி நான் ஏறவில்லை என்று நீ குதிக்க வேண்டாம். டிக்கெட்டை இருபத்து நாலுக்கு மாற்றியாயிற்று. பிரசவம் ஏப்ரல் நடுவில்தானே, அதற்கு முன்பே வந்து நிற்பேன், என் மருமகளுக்குப் பத்தியமும் பார்ப்பேன், பிள்ளையையும் கொஞ்சுவேன். அன்பு இரண்டு மாதம் லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறான். மாற்றியது யார் என்று கேட்பாய். உன் பக்கத்தில் தூங்குகிறாளே, அவள்தான். போன வாரம் நீ ஆபீஸ் போனதும் எனக்குப் போன் செய்தாள். "அத்தே, நீங்க எக்ஸாம் எழுதிட்டே வாங்க. இன்னிக்கு உங்க வேலைய விடச் சொல்றவரு நாளைக்கு என் வேலைய விடச் சொல்ல மாட்டாருன்னு என்ன நிச்சயம்" என்றாள். அவளிடம் சண்டைக்குப் போகாதே, மாசமாக இருக்கிற பெண். உட்கார்ந்து பதில் சொல்லு.

வெளியே போனால் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, தென்றலைக் கனமான எதையும் தூக்க விடாதே. மூவரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். இருபத்தைந்தாம் தேதி ஏர்போர்ட்டுக்கு மறக்காமல் வா. எனக்குத் திரும்பி வரும் டிக்கெட்டும் தென்றலே போட்டுவிட்டாள், மே இருபத்து மூன்று.

இப்படிக்கு,
உன் அம்மா,
ப. லீலா