இருமல் கேட்காத கேசட்

6-9-1982, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக டேப் ரிக்கார்டரின் செல்களை மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "பாட்டுக் கேக்க வாங்குனதப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போறியாக்கும்."

வேறு என்ன செய்ய? ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கட்டுரை என்றால் நோட்ஸைப் பார்த்து எழுதுகிறார்கள், இல்லையென்றால் வெறும் தாளை நீட்டுகிறார்கள். இடைவேளையில் மட்டும் வாய் ஓய்வதில்லை. அந்தப் பேச்சைப் பதிவு செய்து, போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்லலாம் என்று ஒரு நப்பாசை. காலாண்டுத் தேர்வு வரை செய்து பார்க்கத் தலைமையாசிரியை விட்டுவைத்திருக்கிறார்.

தன் குரலைக் கேட்டதும் இருளாயி அலறினாள். "ஆத்தி, இது நான் இல்ல டீச்சர், எங்க சித்தப்பா!"

8-9-1982

இருளாயி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டாள். ஆடு பஸ்ஸில் ஏறிய கதை. நம்பவே முடியவில்லை.

சபியா மட்டும் வெறும் தாள். ஆனால் ரிக்கார்டரை என்னைவிட நன்றாகக் கையாளுகிறாள். "எழுதி என்ன டீச்சர் ஆகப்போகுது? சவுதியில இருக்க எங்க அத்தாவுக்கே கேசட்டுலதான் பேசி அனுப்புறோம்."

அப்பாவைத்தான் அத்தா என்கிறாள். ரிக்கார்டரை அவளிடமே கொடுத்துப் பதியச் சொன்னேன்.

13-9-1982, திங்கள்

சபியாவின் பதிவைக் கேட்டேன். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி நிறுத்திப் பதிந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"வீட்டுப் பழக்கம் டீச்சர். அம்மாவுக்கு இருமல் வந்தா நான் டக்குனு பட்டனை அமுக்கி நிறுத்திருவேன். நின்னதும் மறுபடி போடுவேன். அத்தாவுக்குக் கேக்கக் கூடாதுல்ல."

மூன்று மாத இருமலாம். தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டாராம் டாக்டர். அத்தா வரட்டும் என்கிறாளாம் அம்மா. அவர் வர இன்னும் ஒன்றரை வருஷம்.

14-9-1982

இன்று எதையும் பதிவு செய்யவில்லை.

16-9-1982, வியாழன்

சபியா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மைதீன் பீவி என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். டீ கொடுத்துவிட்டு எட்டி உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துருவாக டீச்சரம்மா. எம்புட்டுப் பாடுபட்டுப் போனாக தெரியுமா? நீங்க இவளை நாலு எழுத்து எழுத வைங்க, அது போதும்."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டத்தானா போனேன்?

17-9-1982, வெள்ளி

மணி அடித்தும் சபியா எழுந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கம். 'அன்புள்ள அத்தாவுக்கு.' அம்மாவின் காய்ச்சல், சாப்பிடாதது, சளியில் ரத்தம், டாக்டர் சொன்னது, பட்டனை அமுக்கி நிறுத்துவது தான்தான் என்பது — எல்லாம்.

"கேசட்டுல பேசினா அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்கும். இது சத்தம் போடாது டீச்சர்." பிறகு மெதுவாக, "ஆனா அத்தா பதில் போட்டா அம்மா வாங்கிப் பிரிச்சிருமே…"

நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பிழை திருத்தக் கை வரவில்லை.

பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை சொன்னார்: "அட, உங்க மிஷினு வேலை செய்யுதே!" அவருக்கு இரண்டு பக்கம் மட்டும்தான் தெரிந்தது. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. புருஷனிடம் சொல்லாதே என்று பெற்றவளே சொல்கிறாள். அதைச் சொல்ல நான் யார்? சொல்லாமல் இருக்கவும் நான் யார்? ஒன்றரை வருஷம் தாங்குவாளா அவள்?

18-9-1982, சனி

தபாலாபீஸில் வெளிநாட்டுக்கு ஒட்டும் தபால்தலை வாங்கினேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். "பள்ளிக்கூட வேலை" என்றேன். பொய்யில்லை.

சவுதி விலாசத்தை சபியா மனப்பாடமாகச் சொல்லியிருந்தாள். உறையில் எழுதிவிட்டேன். அனுப்புநர் இடம்தான் காலி.

திங்கட்கிழமை பஸ் ஏறும் முன் அங்கே என் பெயரையும் கே.கே. நகர் வீட்டு விலாசத்தையும் எழுதிப் பெட்டியில் போடுவேன். பதில் என்னிடமே வரட்டும். மைதீன் பீவிக்கு ஒருநாள் தெரியும். வாசலில் வந்து நின்று ஏசட்டும். ஏசி முடித்ததும் இருமல் வரும். அப்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு தோப்பூருக்குப் புறப்படுவேன்.