பண்டிகைக்கு மூடிய நீதிமன்றம்

அன்பு மகன் அக்ஸிலுக்கு, தீஸி உஸுவிலிருந்து அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், மொன்ட்ரியால் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசப் பயமாக இருக்கிறது, யார் கேட்கிறார்களோ, அதனால் ஊருக்கு வந்து அங்கே திரும்புகிற உன் சிநேகிதன் ஹமீத் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தங்கை டிஹியாவை டிசம்பரில் தலைநகரில் அரசை எதிர்த்து வெள்ளிக்கிழமைதோறும் போகும் ஊர்வலத்தில் பிடித்தது உனக்குத் தெரியும். கையில் நம் அமாஸிக் இனக் கொடி இருந்ததாம், அதற்கு தேசிய ஒற்றுமையைக் குலைத்தாள் என்று வழக்கு. ஜனவரி பன்னிரண்டு விசாரணை என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தோம், முந்தின நாள் வக்கீலம்மா கூப்பிட்டு, "நாளைக்குக் கோர்ட்டு லீவும்மா, யென்னாயர் பண்டிகை இல்லையா, மறந்தே போச்சு, அடுத்த வாரம்தான்" என்றாள். நம் புத்தாண்டுக்கு லீவு கேட்டு இளவயதில் ஜெயிலில் கிடந்தவர் உன் அப்பா, அரசு அதை அறிவித்த அன்று தெருவில் இறங்கி ஆடியவர். இதைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரத்த அழுத்த மாத்திரையை நான்தான் வாயில் போட்டேன்.

மறுநாள் ஏழு காய் போட்ட குஸ்குஸும் கோழியும் சமைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். ஜெயில் வாசலில் ஒரு சின்ன வயதுக் காவலர், ஒரான் நகரப் பக்கத்து அரபுப் பேச்சு, "லீவு நாள்ல யாரையும் பார்க்க முடியாதும்மா" என்றார். திரும்பும்போது பின்னாலேயே வந்து நம் பாஷையில் புத்தாண்டு வாழ்த்து சொல்லி, "டிவியில கத்துக்கிட்டேன், சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார். கேலி இல்லை, மனதாரத்தான் கேட்டார். சரிதான் தம்பி என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்த வாரம் விசாரணை. கொடி எதற்கு என்று நீதிபதி கேட்டதற்கு டிஹியா, "பண்டிகைக்கு லீவு விட்டீங்க, அது யாரோட பண்டிகைன்னு காட்டத்தான்" என்றாள். அவர் தலை நிமிராமல் எழுதினார். ஆறு மாதத் தண்டனை, உள்ளே இருந்தது போதும், மிச்சத்தை நிறுத்திவைக்கிறோம் என்று விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் இளைத்துவிட்டாள், வாசலில் வண்டி நின்றால் எழுந்து நிற்கிறாள். அப்படியிருந்தும் வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி ஊர்வலத்துக்குப் போகிறாளாம். அப்பா தடுப்பார் என்று பார்த்தால் என் கோட்டு எங்கே என்று கேட்கிறார். மறுபடி பிடித்தால் அந்த மிச்ச மாதங்களும் சேருமே என்று நான் அழுதேன். நீ பேஸ்புக்கில் போட்ட கொடிப் படத்தை எடுத்துவிடு, கோடையில் வரும்போது பெட்டியில் அந்தத் துணி வேண்டவே வேண்டாம், விமான நிலையத்தில் துழாவுகிறார்கள்.

இறைவன் உன் கைகால்களுக்குத் தெம்பு கொடுக்கட்டும், கெட்ட கண் படாதிருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை போன் அடித்தால் யாரும் எடுக்கமாட்டோம், பதறாதே. வழியில் சாப்பிட மூன்று பேருக்கும் ரொட்டிக்கு மாவு எடுத்து வைத்துவிட்டேன்.

உன் அம்மா
வர்தியா