"பொலே?" என்று கேட்டால்

இதை எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. நீ இருந்தபோது உனக்கு "ஓகே"வுக்கு மேல் நான் எதுவும் எழுதி அனுப்பியதில்லை. இப்போதுதான் வார்த்தை வருகிறது.

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸில் வேலை முடித்துக் கிள்ளான் ரயிலில் வந்தேன். பக்கத்தில் நின்றவர் மேல் தைலவாடை. நீ தொடையைத் தேய்த்துக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. வீட்டுக்குப் போக மனமில்லாமல் நம் கல்லூரித் திடலுக்குப் போனேன்.

வாசலில் பெரிய பதாகை. அதில் நீ. கீழே கொட்டை எழுத்தில், "வெற்றி வீராங்கனைகளை உருவாக்கும் கல்லூரி." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை இவர்களா உருவாக்கினார்கள்? உன் ஊர் பந்திங்கிலிருந்து வரும்போதே அந்த வேகத்தோடுதான் வந்தாய். முதல் வாரமே சீனியர்களைப் பின்னால் விட்டுவிட்டு, கோட்டைத் தாண்டித் திரும்பி, "என்னக்கா, வாக்கிங்கா?" என்று கேட்டவள் நீ.

அஞ்சலோட்டத்தில் நான் மூன்றாவது, நீ கடைசி. குச்சியைத் தரும்போது நான் "கை!" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டு, திரும்பிப் பார்க்காமல், நீ கையைப் பின்னால் நீட்ட வேண்டும். எனக்கோ குரலே எழும்பாது. "கொசுகூட உன்னவிட சத்தமா கத்தும்லா," என்பாய். ஆனாலும் நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் பயிற்றுநருக்கு வேண்டியிருந்தது புள்ளி. புள்ளி சேர்ந்தால்தான் ஒட்டுமொத்தக் கோப்பை. நூறு, இருநூறு, அஞ்சலோட்டம் எல்லாம் நீ ஓடி முடித்திருந்தாய். நானூறு ஓடவேண்டியவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவர் உன்னிடம் வந்து ஒரே சொல் கேட்டார்: "பொலே?" மலாயில், முடியுமா என்று கேட்பதுபோல்தான் இருக்கும். ஆனால் அவரிடம் அதற்கு ஒரே பதில்தான் உண்டு.

"பொலே, சார்," என்றாய்.

கடைசி வளைவில் உன் தொடைத்தசை கிழிந்தது. நொண்டிக்கொண்டே முடித்தாய். கோப்பை வந்தது. அதன்பிறகு நீ ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். "இப்பல்லாம் பஸ்ஸுதான் ஜெயிக்குது," என்று நீயே சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் டெங்கி உன்னைக் கொண்டுபோன பிறகுதான் கல்லூரிக்கு உன் முகம் ஞாபகம் வந்திருக்கிறது.

ஓட்டக்காரி ஒருத்தி முதிர ஆண்டுகள் வேண்டும், ஓய்வும் வேண்டும். கல்லூரியோ படிப்பு முடிவதற்குள் கறந்துவிடப் பார்க்கிறது. இங்கிருந்து இனி ஒரு சாம்பியன் வருவாளா என்று கேட்டால், வந்தவளை என்ன செய்தீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

திடலில் பண்டமாரானிலிருந்து வந்த பெண் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். முதலாமாண்டு. புறப்படும்போது உன்னைப் போலவே தலையைக் கடைசியாகத்தான் நிமிர்த்துகிறாள். தொடையில் கட்டுப் போட்டிருந்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்தான்க்கா. நாளைக்கு நாலு ஈவண்ட் இருக்கு. டேப் ஒட்டுனா சரியாயிரும்."

அதற்குள் அவர் வந்தார். அதே பயிற்றுநர், கழுத்தில் அதே விசில். கட்டைப் பார்த்துவிட்டே கேட்டார்: "நாலும் பொலே?"

"பொலே, சார்."

என்னைப் பார்த்ததும், "ஆ, நீயா! நாளைக்கு வந்து சப்போர்ட் பண்ணுலா," என்றார். நான் சிரித்துவைத்தேன். வீடு வரும்வரை அந்தச் சிரிப்பு என்னை அரித்தது.

வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்று அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறார். அந்தப் பட்டதாரிக்கு இரண்டே சொல் வாயில் வரவில்லை: "தாக் பொலே." முடியாது சார், இவள் ஓடக்கூடாது.

நாளை போகிறேன். அவள் முதல் ஓட்டத்துக்கு நிற்கப் போகுமுன், எல்லார் முன்னாலும், அவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். கூச்சத்தில் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். நாளைக்கு என் குரல் வரும்வரை, திரும்பிப் பார்க்காமல், கையை நீட்டிக்கொண்டு நில்.