பத்துக் கிழமைப் பயிற்சிக்கும் மாணவர் உதவி வேண்டி

அனுப்புபவர்:
சிவனாண்டி அங்கம்மா (வயது 71),
4ஆம் லயம், கீழ்ப்பிரிவு,
வத்தேகம.

பெறுபவர்:
பணிப்பாளர் அவர்கள்,
மாணவர் உதவித் திட்ட அலுவலகம்,
கண்டி.

விடயம்: குறுங்காலத் தொழிற்பயிற்சிக்கும் அரசாங்க மாணவர் உதவியை வழங்குமாறு கோரல். இம்மாதம் 30ஆம் திகதிக்கு முன் தீர்வு வேண்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 2025.02.11 செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு உங்கள் அலுவலக நேர்முக அறையில் இருந்தவர்கள்: மேசைக்கு நடுவில் அலுவலர் திரு. யுகேஷ். அவருக்கு வலப்பக்கம், விண்ணப்பம் நிரப்பிய எழுதுவினைஞர் ஹபீல் தம்பி. வாசலோரக் கதிரையில் பல்லேகலப் பயிற்சி நிலையத்து அஸீமா டீச்சர். மேசைக்கு எதிரே என் மகள் வயிற்றுப் பேத்தி கலாராணி. அவள் பக்கத்தில், எங்கள் லயத்து மூன்றாம் வீட்டு சஞ்சீவனி. இருவருக்கும் பின்னால் நான். வேறு எவரும் இல்லை. மின்விசிறி ஓடவில்லை.

2. பிள்ளைகள் இருவரும் கேட்டது, பத்துக் கிழமை நடக்கும் மெசின் இயக்கும் பயிற்சிக்கு மாணவர் உதவி. பயிற்சி இலவசம்தான். ஆனால் பத்துக் கிழமை சம்பளம் இல்லாவிட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. உதவித்தொகையும் பஸ் சீசன் டிக்கட்டும் கிடைத்தால் எப்படியோ ஒப்பேற்றியிருப்போம். ஆறு மாதத்துக்குக் குறைந்த பயிற்சிக்கு உதவி இல்லை என்று திரு. யுகேஷ் சட்டத்தை வாசித்து, இரண்டு விண்ணப்பங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கோப்பை மூடினார். அப்போது அஸீமா டீச்சர் எழுந்து, "சேர், மொதக் கிழமை நாங்க படிச்சுக் குடுக்கிறதே மெசினை எப்படி நிப்பாட்டுறது எண்டுதான். ஓட்டுறதெல்லாம் அதுக்குப் பொறகு" என்றார்.

3. நிறுத்தக் கற்காமலே பிள்ளைகள் இருவரும் பல்லேகலக் கைத்தொழில் பேட்டையில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கலாராணிக்குப் பொதி கட்டும் வேலை. சஞ்சீவனியை மூன்றாம் மாதம் அட்டை வெட்டும் மெசினுக்கு மாற்றினார்கள். அது வாய் திறந்து திறந்து மூடும் மெசின். திறந்திருக்கும்போது அட்டையை உள்ளே வைக்க வேண்டும். மே 20ஆம் திகதி ஓர் அட்டை கோணலாகப் போனது. நேராக்கக் கை நீட்டினாள். நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவள் முழங்காலுக்கு நேரே இருந்ததாம். அது எதற்கென்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. வலக்கையில் இப்போது பெருவிரல் மட்டும் உண்டு. மெசினை மறுநாளே கழுவித் துடைத்து ஓட்டினார்கள்.

4. ஜூன் 30 திங்கட்கிழமை முதல் அந்த மெசினில் என் பேத்தியைப் போடுகிறார்கள். இரண்டு நாளில் பழகிவிடும் என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். சஞ்சீவனி போட்டிருந்த நீல வேலைக்கோட்டையே கொடுத்திருக்கிறார்கள், 27 என்ற இலக்கத்தோடு. துவைத்துத்தான் கொடுத்தார்கள். வலக்கை மணிக்கட்டில் கறை போகவில்லை. நானும் இரண்டு தரம் துவைத்தேன். மெசின் அறைக்கு வளையல் ஆகாதென்று பேத்தி தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றிச் சாமித்தட்டில் வைத்திருக்கிறாள். போகாதே என்றேன். "போகாட்டி என்னத்தத் திங்கிறது அம்மாயி, ஒங்க வீராப்பையா?" என்று கேட்டாள்.

5. போன ஞாயிறு சஞ்சீவனி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டுத் தட்டு இரண்டைக் கவிழ்த்து வைத்து, மெசின் எப்படி வாயை மூடும் என்று இடக்கையால் கலாராணிக்குக் காட்டினாள். பொத்தான் இருக்கும் இடத்தையும் சொன்னாள். "ஒழுங்கா பாருடி, இந்த டீச்சருக்கு மிச்சம் இருக்கிறது ஒரு கைதான்" என்று சொல்லிச் சிரித்தாள். பேத்தி சிரிக்கவில்லை. கால் மணித்தியாலம் நடந்தது. என் பேத்திக்குக் கிடைத்த பயிற்சி முழுவதும் அதுதான், ஐயா. மீதி ஒன்பது கிழமையில் என்ன சொல்லித் தருவார்கள் என்று சஞ்சீவனிக்கும் தெரியாது.

6. இரண்டாம் பந்தியில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கோப்பை மூடுவதற்கு முன் ஒன்று நடந்தது. பயிற்சிக் காலம் என்ற கட்டத்தில் ஹபீல் தம்பி 6 மாதம் என்று எழுதத் தொடங்கினார். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புத்தான். ஆனால் எண்ணைத் தலைகீழாக இருந்தாலும் வாசிப்பேன். முப்பத்தெட்டு வருடம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தை எதிர்ப்பக்கம் நின்று வாசித்தவள் நான். பதினெட்டைப் பதினாறாக எழுதினால் அந்த இடத்திலேயே சத்தம் போடுவேன். அன்றும் போட்டேன். "தம்பி, பிழையா எழுதுறீங்க. பத்துக் கெழமை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன். தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தார். திரு. யுகேஷும் பார்த்தார். அதற்குப் பிறகு தம்பி அதை வெட்டிவிட்டுப் பத்துக் கிழமை என்றே எழுதினார். கோப்பில் இருப்பது உண்மைதான், ஆகவே அவர்மேல் விசாரணை வேண்டாம். பிழையான எண் எப்போதும் எங்களுக்கு எதிராகத்தான் எழுதப்படும் என்று நினைத்திருந்தேன். எங்களுக்காக ஒருவர் பிழையாக எழுதி நான் கண்டதில்லை.

7. ஆகையால் ஐயா, பொய் எழுதித் தரும்படி நான் கேட்கவில்லை. பத்துக் கிழமையைப் பத்துக் கிழமை என்றே எழுதி உதவி பெறும்படி சட்டத்தை மாற்றித் தாருங்கள். மாற்ற நாளாகும் என்றால் விசேட அனுமதியாவது தாருங்கள். அடுத்த பயிற்சி ஜூலை 7ஆம் திகதி தொடங்குகிறது. மெசின் அதற்கு ஒரு கிழமை முந்தியே அவளுக்குக் காத்திருக்கிறது. உங்கள் கடிதம் 30க்கு முன் வந்தால் அந்த வேலைக்கோட்டை நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பேன். இந்த மனுவைப் பற்றிப் பேத்திக்குத் தெரியாது.

8. நான் லேசில் மன்னிக்கிறவள் அல்ல. ஈரக் கொழுந்து என்று இரண்டு கிலோ வெட்டிய கணக்கப்பிள்ளை செத்தபோது வாசல்வரைகூடப் போகவில்லை. ஆனால் திரு. யுகேஷ் இருந்த சட்டத்தைத்தான் வாசித்தார். தொழிற்சாலைக்காரர்மேல் வேறு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். 30ஆம் திகதி எது நடந்தாலும் நடக்காவிட்டாலும், அந்த அறையில் இருந்த ஆறு பேரில் நான் மன்னிக்க மாட்டாத ஆள் ஒருவர்தான். அந்தப் பெயரைக் கீழே என் கையாலேயே எழுதி வைக்கிறேன்.

இடம்: வத்தேகம
திகதி: 2025.06.16

சிவனாண்டி அங்கம்மா